சான் இசித்ரோவின் எருதுகள்: ஸ்பெயின் பயணக் குறிப்புகள்

மே 13, மாட்ரிட்

மாட்ரிட் வெயிலில் கசகசப்பு இல்லை, தோல் மட்டும் சுடுகிறது. நிழலுக்குள் ஓர் அடி வைத்தால் சால்வை தேட வேண்டியிருக்கிறது. தங்கை மகள் இங்கே முதுகலை படிக்கிறாள். அவள் அறையில் பெட்டியை வைத்து, அவள் வைத்த மிளகு ரசத்தைக் குடித்துவிட்டு, தூங்காத கண்ணோடு லாஸ் வென்டாஸ் காளைச்சண்டை அரங்கத்துக்கு நடந்தோம்.

சிவப்புச் செங்கல், லாட வடிவ வளைவுகள், ஓடு பதித்த சுவர். 1931-ல் திறந்த அரங்கம், ஏறக்குறைய 23,000 பேர் உட்காரலாம். வாசலில் ஒரு சிலை என்னை நிறுத்தியது. காளைச்சண்டை வீரர் ஒருவர் தொப்பியை உயர்த்தி ஒரு மார்பளவுச் சிலைக்கு மரியாதை செய்கிறார். அந்த மார்பளவுச் சிலை பெனிசிலின் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங்குடையது. கொம்புக் குத்தில் உயிர் பிழைத்தும் புண் புரையோடிச் செத்த வீரர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். அந்த நன்றிக்காக வைத்த சிலை.

ஏன் இங்கே வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் அலங்காநல்லூருக்குப் பக்கம். 2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோதும், 2017 ஜனவரியில் மெரினாவிலும் தமுக்கத்திலும் பிள்ளைகள் ராப்பகலாக உட்கார்ந்திருந்தபோதும், "ஸ்பெயின் மாட்டுச்சண்டை மாதிரிதானே?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இல்லை என்று நாங்களும் சொல்லிக்கொண்டே இருந்தோம். சொன்ன எங்களில் அதை நேரில் பார்த்தவர்கள் அதிகமில்லை. பார்க்காமல் பேசக் கூடாது என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

"பெரியம்மா, உள்ளே போறதுன்னா நீங்க மட்டும் போங்க. நான் வாசல்ல நிக்கிறேன்" என்றாள் தங்கை மகள். அவள் அறைத்தோழிகள் யாரும் வாழ்நாளில் இந்த வாசலை மிதித்ததில்லையாம்.

ராத்திரி பெரிய சதுக்கத்தின் பக்கம் கணவாய் வறுவல் வைத்த ரொட்டி சாப்பிட்டோம். நாலரை யூரோ, நம் கணக்கில் நானூற்றைம்பது ரூபாய். மொறுமொறு என்று நன்றாக இருந்தது. எலுமிச்சை கேட்டு வாங்கிப் பிழிந்துகொள்ள வேண்டும்.

மே 15, மாட்ரிட்

இன்று மாட்ரிட்டின் காவல் புனிதர் சான் இசித்ரோவின் திருநாள். ஏறக்குறைய 900 வருடங்களுக்கு முன் இங்கே கூலிக்கு ஏர் ஓட்டிய உழவர் அவர். அவர் ஜெபத்தில் ஆழ்ந்துபோகும் நேரங்களில் தேவதூதர்கள் வந்து எருதுகளைப் பிடித்து உழுது முடிப்பார்கள் என்பது கதை. படங்களில் அவர் பக்கத்தில் ஒரு ஜோடி எருது இருக்கும். நமக்கு உடனே புரிந்துவிடுகிற சாமி.

காலையில் ஆற்றுக்கு அப்பால் இருக்கும் அவருடைய சிறிய கோயிலுக்குப் போனோம். ஊற்று நீரைப் பிடிக்க நீண்ட வரிசை. பெண்கள் தலையில் வெள்ளைத் துணி கட்டி அதில் கார்னேஷன் பூ செருகியிருந்தார்கள். ஆண்களுக்குக் கட்டம் போட்ட தொப்பி. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் என் புடவையைப் பார்த்துவிட்டு, தன் சட்டையிலிருந்த பூவை எடுத்து மனைவியிடம் கொடுத்து, எனக்குக் குத்திவிடச் சொன்னார். அந்தம்மா பின்னூசியும் கையில் வைத்திருந்தார்!

புல்வெளி முழுக்கப் புகை. ஆட்டுக்குடலை அதன் கொழுப்பிலேயே பொரித்துத் தருகிறார்கள். வாடை மதுரை ராத்திரிக் கடையேதான், காரம்தான் கிடையாது. வட்டமான பிஸ்கட் மாதிரி ஒரு பலகாரமும் இந்த நாளுக்கென்றே விற்கிறது. பாகு பூசியது ஒன்று, பூசாதது ஒன்று. பூசாதது காப்பிக்கு ஏற்றது.

சாயங்காலம் ஏழு மணிக்கு அரங்கம். எருது பிடித்த உழவரின் பேரால் மே இரண்டாம் வாரத்திலிருந்து ஜூன் வரை இங்கே கிட்டத்தட்ட தினமும் காளைச்சண்டை. ஒரு மாலைக்கு மூன்று வீரர்கள், ஆறு காளைகள். எனக்குக் கிடைத்தது வெயில் பக்கம், அங்கேதான் விலை குறைவு. கல் இருக்கை சுட்டது. பக்கத்தில் பேரனோடு வந்திருந்த பாட்டி, கேட்காமலே தன் வாடகை மெத்தையில் பாதியை என் பக்கம் தள்ளினார். பேரன் ஹோட்டலில் வேலை பார்க்கிறவன், ஆங்கிலம் பேசினான்.

முதலில் ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினார்கள். காளையின் பெயர், பிறந்த மாதம், எடை. 540 கிலோ. கதவு திறந்ததும் கருப்பாக ஒன்று பாய்ந்து வந்தது, மணல் தெறித்தது. நம் மாட்டைப் போலத் திமில் கிடையாது. ஆனால் கழுத்துக்குப் பின்னால் சதை மேடாகத் திரண்டிருக்கிறது. கோபம் வந்தால் அது இன்னும் எழும்புகிறது. அப்புறம் நடப்பதெல்லாம் அந்தச் சதையைக் குறிவைத்துத்தான்.

கண் கட்டிய குதிரைமேல் ஈட்டிக்காரர் வருகிறார். குதிரைக்கு மெத்தை போன்ற கவசம். 1928 வரை கவசம் இல்லை, ஒரே மாலையில் பல குதிரைகள் குடல் சரிந்து செத்திருக்கின்றன. காளை கவசத்தில் முட்டும்போது அவர் மேலிருந்து ஈட்டியை அந்தச் சதையில் ஊன்றுகிறார், உடம்பின் மொத்த எடையையும் கொடுத்து. தலையைத் தூக்க விடாமல் கழுத்துத் தசையைத் தளர்த்துவதற்காக. பிறகு வண்ணக் காகிதம் சுற்றிய முள் கம்புகள், ஜோடி ஜோடியாக அதே இடத்தில். காளை ஓடும்போது அவை ஒன்றோடொன்று மோதி டக் டக் என்கின்றன. நான் உட்கார்ந்த இடம் வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது. வெயிலில் அதன் தோள் ஈரமாக மின்னியது. கருப்புத் தோலில் இரத்தம் சிவப்பாகத் தெரிவதில்லை.

இவ்வளவுக்கும் பிறகுதான் காளையைக் கொல்லும் வீரரான மேட்டடோர் சிவப்புத் துணியோடு தனியாக வருகிறார். நாம் படத்தில் பார்ப்பது இந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும்தான்.

மூன்றாவது காளைக்கு முன்கால் மடங்கி மடங்கி விழுந்தது. கூட்டம் கத்தியது, விசில் அடித்தது. மேலே உட்கார்ந்திருந்த நிகழ்ச்சித் தலைவர் பச்சைக் கைக்குட்டையைத் தொங்கவிட்டார். உடனே கழுத்தில் பெரிய மணி கட்டிய எருதுகள் கூட்டமாக உள்ளே வந்தன. அவற்றைப் பார்த்ததும் அந்தக் காளை அவ்வளவு சாதுவாகி நடுவில் புகுந்து, கூடவே நடந்து போய்விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்றாவது தப்பியதே என்று நினைத்தேன். பேரனிடம் கேட்டேன். "இல்லை, பின்னால் தொழுவத்தில் கொன்றுவிடுவார்கள். ஒருமுறை உள்ளே வந்த காளையை மறுபடி இறக்கக் கூடாது" என்றான்.

அதற்குப் பதில் வந்த காளையும் செத்து இழுபட்டுப் போனதும் எல்லோரும் பொட்டலம் பிரித்தார்கள். அது இங்கே வழக்கம். பாட்டி எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை வைத்த ரொட்டி. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. தொண்டையில் இறங்கவும் இல்லை.

ஐந்தாவதைப் பற்றி மறைக்காமல் எழுத வேண்டும். அந்த மேட்டடோர் கால் இரண்டையும் மணலில் ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றார். காளை துணிக்குள் தலையைப் புதைத்தபடி அவர் இடுப்பை உரசிச் சுற்றியது, மறுபடி, மறுபடி. மொத்த அரங்கமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே குரலில் "ஓலே" என்றது. நானும் முன்னால் சாய்ந்து பார்த்தேன். அதில் அழகு இருக்கிறது, சாவைப் பக்கத்தில் நிறுத்தி வைத்த தைரியம் இருக்கிறது. 2016-ல் தெருவேல் நகரில் விக்டர் பாரியோ என்ற இளம் வீரர், தொலைக்காட்சி நேரலையில், கொம்பு நெஞ்சில் பாய்ந்து இறந்தார். நடிப்பென்று யாரும் தள்ளிவிட முடியாது. ஆயிரக்கணக்கான வெள்ளைக் கைக்குட்டைகள் ஆடின, காளையின் ஒரு காதைப் பரிசாக அறுத்துக் கொடுத்தார்கள். பாட்டியின் கண் கலங்கியிருந்தது.

ஆறாவதில் வாள் எலும்பில் பட்டுத் தெறித்தது. இரண்டாம் தடவையும். மூன்றாவது பாதிதான் இறங்கியது. காளை சாகாமல் மரத்தடுப்பில் உடம்பைச் சாய்த்து நின்றது, நாக்கு வெளியே. எக்காளம் ஊதினார்கள். நேரம் மீறுகிறது என்ற எச்சரிக்கை. குறுக்குக் கட்டை வைத்த வேறொரு வாளை எடுத்துப் பிடரியில் குத்திக் குத்திப் பார்த்தார். கூட்டம் அந்த வீரரைத்தான் திட்டியது. சரியாகக் கொல்லத் தெரியவில்லையே என்று.

பேரன் விடைபெறும்போது சொன்னது: "அம்மா, இந்தக் காளை நாலு வருஷத்துக்கு மேல் காட்டில் ராஜாவாக வாழ்ந்தது. கடை இறைச்சிக்கு வளர்க்கும் மாடு கொட்டகையில் ஒன்றரை வருஷம்கூட இருப்பதில்லை. அதைச் சாப்பிடுகிறவர்கள் எங்களைக் குற்றம் சொல்லலாமா?" வலுவான கேள்விதான். எங்கள் வீட்டிலும் ஆடு, கோழி உண்டு. ஆனால் இந்த நாட்டின் இறைச்சிக்கூடத்தில், மதச் சடங்குக்கான அறுப்பு நீங்கலாக, மாட்டை அறுக்கும் முன் அதை உணர்விழக்கச் செய்ய வேண்டும் என்பது சட்டம். 2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் போட்ட விதி. அதே விதி பண்பாட்டு நிகழ்ச்சிகளைத் தனக்கு வெளியே வைத்துவிட்டது. அங்கே வலியைக் குறைக்கத்தான் எல்லா ஏற்பாடும். இங்கே வலி இல்லாவிட்டால் காட்சியே இல்லை. ஈட்டி இறங்காத, கழுத்துத் தளராத காளை முன்னால் அந்த ஐந்தாவது ஆட்டம் நடந்திருக்காது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த அழகை ஏற்க முடியாமல் போனது இதனால்தான்.

வாசலில் தங்கை மகள் சொன்னபடி நின்றிருந்தாள். எதுவும் கேட்கவில்லை, என் கைப்பையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

மே 16, மாட்ரிட்

மத்தியானம் வரை படுத்தே கிடந்தேன். முகமும் புறங்கையும் வெயிலில் எரிந்தன. மருந்துக்கடையில் கற்றாழைப் பசை எட்டு யூரோ. எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடக்கிற கற்றாழை.

சாப்பிடப் போன இடத்தில் காளைவால் குழம்பு பதினெட்டு யூரோ என்று எழுதியிருந்தது. நாங்கள் கொண்டைக்கடலையும் கீரையும் சேர்த்த குழம்பு வாங்கினோம். சீரகம் போட்டிருந்தது, சோறு மட்டும்தான் குறை.

தங்கை மகளோடு நெடுநேரம் பேசினேன். 2007-ல் நாடு முழுக்க 3,600-க்கும் மேல் காளைச்சண்டை நிகழ்ச்சிகள் நடந்தன. 2019-ல் 1,400 சொச்சம். தானாகவே தேய்கிறது, தடை எதற்கு என்பது ஒரு தரப்பு வாதம். ஆனால் தேய்வதைத் தாங்கிப் பிடிக்க அரசின் பணமும் சட்டமும் இருக்கின்றன. 2013-ல் இதைப் பண்பாட்டு மரபுச்சொத்து என்று அறிவித்தார்கள். 2023-ல் வந்த விலங்கு நலச் சட்டம் இந்தக் காளைகளைத் தொடவில்லை. 2024-ல் பண்பாட்டு அமைச்சர் எர்னெஸ்ட் உர்தாசுன் காளைச்சண்டைக்கான தேசிய விருதை நிறுத்தியபோது பெரிய சண்டை. அந்த மரபுச்சொத்துச் சட்டத்தை நீக்கக் கோரி ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட மனுவை 2025 அக்டோபரில் நாடாளுமன்றம் விவாதத்துக்கே எடுக்காமல் தள்ளிவிட்டது. ஆளுங்கட்சி வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது.

குழந்தைகள் விஷயம்தான் எனக்கு ஆறவில்லை. எங்களுக்கு நாலு வரிசை கீழே ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் அப்பா மடியில் உட்கார்ந்திருந்தான். ஆறாவது காளை நின்ற நேரத்தில் அவன் திரும்பி எங்களைப் பார்த்தான். பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் உள்ளே விடாதீர்கள் என்று ஐ.நா.வின் குழந்தை உரிமைக் குழு 2018-லேயே ஸ்பெயினிடம் சொல்லிவிட்டது.

மே 18, ரோந்தா

செவில்லிலிருந்து வந்த பேருந்தில் ஏசி வேலை செய்யவில்லை. ஜன்னலைத் திறக்கவும் வழியில்லை. பாதி வழியில் ஓட்டுநர் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, தன் காசில் தண்ணீர் பாட்டில் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். யாரும் கத்தவில்லை. பின்னிருக்கைப் பெண் தன் விசிறியால் எனக்கும் சேர்த்து வீசினாள்.

ரோந்தா பாறைப் பிளவின் மேல் நிற்கிற ஊர். பாலத்திலிருந்து கீழே பார்த்தால் கால் கூசுகிறது. 1785-ல் திறந்த அரங்கம் இங்கே இருக்கிறது, கல் தூண்களோடு. இந்த ஊர்க்காரரான பெத்ரோ ரொமேரோ 5,000-க்கும் மேல் காளைகளைக் கொன்றும் பெரிய காயம் படாதவர் என்று சொல்கிறார்கள். ஆள் இல்லாத வளையத்தின் நடுவே நின்றால் நாலாபக்கமும் வட்டமாக மூடிக்கொள்கிறது. ஒதுங்க மூலை இல்லை. மனிதன் ஒளிந்துகொள்ள மட்டும் தடுப்பு.

பிற்பகலில் பக்கத்தில் ஒரு பண்ணைக்குப் போனோம். கருவாலி (ஓக்) மரங்கள், இடுப்புயரப் புல், தூரத்தில் நிழலில் படுத்து அசைபோடும் காளைகள். ஒன்று எழுந்து நின்று எங்களைப் பார்த்தது, பிறகு மரத்தில் கழுத்தைச் சொறிந்துகொண்டது. அதே திரண்ட சதை. சண்டைக்குப் போகும் நாள் வரை தரையில் நிற்கும் மனிதன் எதிரில் துணி காட்டக் கூடாதாம். காட்டினால் காளை கற்றுக்கொண்டுவிடும், அப்புறம் துணியை விட்டு ஆளைத் தேடும்.

பண்ணைக்காரர் மரியாதையானவர். பாதாமும் பூண்டும் அரைத்த குளிர்ந்த வெள்ளை சூப், மேலே திராட்சை மிதக்க, உட்காரவைத்துப் பரிமாறினார். தடை வந்தால் இந்த இனமே அழியும், இந்தக் காடும் வயலாகிவிடும் என்றார். எங்கள் பக்கத்து ஜல்லிக்கட்டு இனமான புலிக்குளம் மாட்டைப் பற்றி எங்கள் ஊரில் பேசியது அப்படியே காதில் ஒலித்தது. அந்தக் கவலை பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். கன்றிலிருந்து வளர்த்தவர் அவர். ஆனால் எங்கள் ஊரில் வாடிவாசல் தாண்டிய காளை கயிறு பிடித்தவரோடு வீட்டுக்குப் போகிறது, மறு வருஷம் திரும்ப வருகிறது. இவருடைய காளைகளில் வீடு திரும்புவது அபூர்வம். மிக நன்றாகச் சண்டை போட்டால் உயிர்ப்பிச்சை தருவது உண்டு, இனவிருத்திக்காக. இனத்தைக் காப்பாற்ற அதைக் கொல்லத்தான் வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. காட்டைக் காக்க ஐரோப்பிய விவசாய மானியம் இருக்கிறது, அதைக் காட்டுக்கென்றே கொடுக்கலாம். அவரிடமே இதைச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார், ஒப்புக்கொள்ளவில்லை. கிளம்பும்போது ஒரு பை பாதாம் கொடுத்தனுப்பினார்.

மே 21, பார்சிலோனா

காலையிலிருந்து மழை. இரண்டு பேருக்கு ஒரே குடை, அதுவும் காற்றில் மடங்கிப்போனது. ஸ்பெயின் சதுக்கத்தில் இருக்கும் அரேனாஸ் என்ற கட்டடத்துக்குள் ஒதுங்கினோம். வெளியே பழைய காளைச்சண்டை அரங்கச் சுவர், உள்ளே துணிக்கடையும் சினிமாவும். மணல் இருந்த இடத்தில் பிள்ளைகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மொட்டை மாடி வரை நகரும் படிக்கட்டில் போனால் காசில்லை.

2010 ஜூலையில், பார்சிலோனா இருக்கும் தன்னாட்சி மாநிலமான கத்தலோனியாவின் நாடாளுமன்றம் 68-க்கு 55 என்ற வாக்கில் காளைச்சண்டையைத் தடை செய்தது. நகரின் மற்றொரு அரங்கமான மோனுமெந்தாலில் கடைசிச் சண்டை 2011 செப்டம்பரில். 2016-ல் நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. ஆனாலும் யாரும் மறுபடி நடத்தவில்லை. சட்டம் போனாலும் வழக்கம் விட்டுப்போய்விட்டது.

மோனுமெந்தாலுக்குப் போக டாக்ஸி பிடித்தோம். ஓட்டுநர் தெற்கே எப்ரோ ஆற்று முகத்துவாரத்துக்காரர், அறுபது வயதிருக்கும். அவர் ஊர்ப் பக்கம் ராத்திரியில் காளையின் கொம்பில் தீப்பந்தம் கட்டித் தெருவில் விடுவார்கள். கத்தலோனியா தடை கொண்டுவந்த அதே 2010-ல் இந்தத் தெரு விளையாட்டுகளுக்குத் தனிச் சட்டம் போட்டு இடம் கொடுத்தது. ஸ்பெயின்காரன் விளையாட்டு வேண்டாம், நம் ஊர் விளையாட்டு இருக்கட்டும் என்கிற கணக்கு அதில் இருந்ததென்று எனக்குப் படுகிறது. காளைக்காகப் போட்ட தடையாக இருந்தால் தீயும் அணைந்திருக்க வேண்டும்.

"எங்கள் ஊரில் கொல்வதில்லையே அம்மா" என்றார் அவர்.

நாங்களும் அதைத்தான் சொல்வோம் என்றேன். அதோடு நிற்காமல், வாலைப் பிடிக்கக் கூடாது, கொம்பைப் பிடிக்கக் கூடாது, கால்நடை மருத்துவர் பார்த்த பிறகே களம் என்று 2017-க்குப் பிறகு எங்கள் ஊரில் விதி இருப்பதையும், அதை மீறுகிற இடங்களும் இருப்பதையும், மீறினால் அந்த ஊர்க்காரர்களே கேட்க வேண்டும் என்பதையும் சொன்னேன். 2023-ல் உச்ச நீதிமன்றம் எங்கள் சட்டம் செல்லும் என்றது. அது எங்களுக்குக் கிடைத்த அனுமதி மட்டுமல்ல, பொறுப்பும்தான்.

கொலம்பியாவைப் பற்றித் தங்கை மகள் சொன்னாள். 2024-ல் அங்கே சட்டம் வந்துவிட்டது, 2027-லிருந்து காளைச்சண்டை கிடையாது. இந்தத் தொழிலில் பிழைத்தவர்களுக்கு வேறு வேலை தேடிக்கொடுக்கவும், அரங்குகளை விளையாட்டுக்கும் கலைக்கும் மாற்றவும் அதிலேயே வழி வைத்திருக்கிறார்கள். ஸ்பெயினும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அரசுப் பணத்தை நாளைக்கே நிறுத்தலாம், குழந்தைகளை நாளைக்கே வெளியே அனுப்பலாம். ஈட்டிக்கும் வாளுக்கும் ஒரு தேதி குறிக்க வேண்டும்.

மோனுமெந்தால் பூட்டியிருந்தது. மழையில் சுற்றிவந்து அதே டாக்ஸியில் ஏறினோம். ஆகஸ்டில் திருவிழா இருக்கிறது, என் வீட்டிலேயே தங்கலாம், வாருங்கள் என்று ஓட்டுநர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். நிஜமாகவே கூப்பிட்டார். கொம்பில் தீ இல்லாமல் விடுங்கள், அடுத்த வருஷமே வருகிறேன் என்றேன். தங்கை மகள் அதை ஒரு வார்த்தையும் குறைக்காமல் மொழிபெயர்த்தாள். அவர் சிக்னலில் வண்டியை நிறுத்தி, கொஞ்சம் யோசித்து, "என் மருமகன்தான் இந்த வருஷம் விழாக் குழுவில் இருக்கிறான். அவனிடம் பேசிப் பார்க்கிறேன்" என்று சொல்லித் தன் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார்.